தெள்ளும் நொச்சியும்

சில வருஷங்களுக்கு முன்பு இந்த இதழில் புறத்திணைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லிவிட முடியும். நான்கு பேர் கடிதம் எழுதினார்கள், அதில் ஒருவர் திட்டி. அந்தக் கட்டுரையில் ஒரு வாக்கியம் இருந்தது: 'நொச்சி என்பது செடியல்ல, ஒரு மனநிலையின் குறியீடு.' எழுதியபோது எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. திட்டி எழுதியவர்கூட அந்த வாக்கியத்தை விட்டுவைத்திருந்தார். இப்போது அதை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதற்குக் காரணம் இலக்கிய சம்பந்தமானதல்ல. தெள்ளுப்பூச்சி சம்பந்தமானது.

செஞ்சிக் கிளைக்கு எனக்கு மாற்றல் வந்தது ஒரு வைகாசியில். மனைவி, நாலு வயது மகள், அம்மா, அம்மாவின் பூனை ஆகியோருடன் வந்து சேர்ந்தேன். திருவண்ணாமலை சாலையிலிருந்து உள்ளே போகும் தெரு ஒன்றில் பழைய ஓட்டு வீடு. சிமெண்ட் தரை, அங்கங்கே வெடிப்பு. மொட்டைப் பாறைகளும் கோட்டைச் சுவரும் கொல்லையில் நின்றால் தெரியும். முன்பு குடியிருந்தவர்கள் நாய் வளர்த்தார்களாம். அவர்கள் காலி செய்துவிட்டுப் போய் மூன்று மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. இந்த மூன்று மாதத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

சாமான் இறக்கிய அன்று மாலையே கணுக்காலில் கடி. கொசு என்று நினைத்தோம். மறுநாள் காலை மகளின் இரு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே வரிசை வரிசையாகச் சிவப்புத் தடிப்புகள். அம்மா ஒரு வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்து அதன்மேல் நின்றாள். சற்று நேரத்தில் கடுகை உடைத்தாற்போல் மூன்று நான்கு கரும்புள்ளிகள் தோன்றின. தொடப்போனால் இல்லை. 'தெள்ளுடா' என்றாள். அத்துடன், 'நாலு நொச்சிக் கொத்து ஒடிச்சாந்து மூலைக்கு மூலை போடு. பேர் சொல்லாததும் கொஞ்சம் வாங்கியா' என்றாள். பேர் சொல்லாதது என்றால் வசம்பு. விளக்கு வைத்த பிறகு அதன் பெயரை அவள் சொல்லமாட்டாள். நான், 'பாக்கலாம்மா' என்றேன். அவள் சொன்ன எதற்கும் பல வருஷங்களாக நான் வைத்திருந்த பதில் அது.

தெள்ளுப்பூச்சியோடு எனக்கு அதற்கு முன்பு இருந்த பழக்கம் புத்தகத்தின் மூலம்தான். பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் ஜான் டன்னின் கவிதை ஒன்று. 1633-ல், அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து அச்சானது. ஒரு தெள்ளு அவனையும் கடித்து அவளையும் கடித்துவிட்டது, இருவர் ரத்தமும் அதனுள் கலந்துவிட்டது, இனி நமக்குள் என்ன தடை என்று காதலியிடம் வாதாடும் கவிதை. கான்சீட் என்ற சொல்லை இந்தக் கவிதைக்குள் வைத்துத்தான் எங்களுக்கு விளக்கினார்கள். பரீட்சையில் நன்றாக எழுதினேன். பின்னர் ராபர்ட் ஹூக் 1665-ல் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்து வரைந்த தெள்ளின் படத்தைப் பார்த்திருக்கிறேன். மடிப்புப் படமாக, கவசம் போர்த்திய ஏதோ போர் மிருகம் மாதிரி இருக்கும். ஆக, ஒரு பட்டதாரி விமர்சகனுக்குத் தேவையான அளவுக்குத் தெள்ளைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது. அது கடித்தால் ஒரு குழந்தை இரவெல்லாம் தூங்காது என்பதும், சொறிந்து சொறிந்து புண்ணாகிச் சீழ் வைக்கும் என்பதும் மட்டும் தெரியாது.

நான் கடைக்குப் போனேன். நாய்களுக்கான உண்ணிப் பவுடர் ஒன்று கொடுத்தார்கள். அதிலுள்ள மருந்து பெர்மெத்ரின். அதற்கும் ஒரு பூவுக்கும் உறவுண்டு என்பது பின்னால் தெரிந்தது. சாமந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளைப்பூவைக் காயவைத்துப் பொடித்தால் பைரெத்ரம் என்ற பூச்சிக்கொல்லி. அந்தப் பூவிலிருக்கும் பொருளைப் பார்த்து ஆய்வகத்தில் செய்த நகல்களில் ஒன்று பெர்மெத்ரின். 1973-ல் இங்கிலாந்தில் உருவாக்கினார்கள். வெயிலில் அழியாமல் நிற்பதுதான் அதன் சிறப்பு. நாய் தாங்கும். பூனையின் ஈரலுக்கு அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் போதாது. நான் அதை அம்மாவின் பூனைக்குப் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் பூனைக்கு எச்சில் வடிய ஆரம்பித்தது. பிறகு உடல் முழுக்க ஒரு நடுக்கம். அம்மா ஒன்றும் பேசாமல் அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பிழைத்துவிட்டது. ஆனால் மகளின் கால் புண் ஆறவில்லை. வீட்டில் தெள்ளு இருப்பதற்குப் பூனைதான் காரணம் என்று நான் தீர்மானித்திருந்தேன். மனைவியும் மறுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் பூனையை ஒரு கோணிப்பையில் போட்டு வண்டியில் வைத்துக் கோட்டைப் பக்கம் கொண்டுபோய், வாசலைத் தாண்டி ஒரு புதரோரம் விட்டுவிட்டு வந்தேன். பை அவிழ்ந்ததும் அது ஓடவில்லை. அங்கேயே உட்கார்ந்து பின்காலால் காதைச் சொறிந்தது.

அம்மா கேட்டபோது, 'எங்கயோ போயிருக்கும்' என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ராத்திரியில் கொல்லைக் கதவின் தாழை மட்டும் நீக்கி வைத்தாள். நான் எழுந்துபோய்ப் போடுவேன். காலையில் அது மறுபடி நீங்கியிருக்கும். இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

பூனை போன ஐந்தாறு நாளில் கடி இரண்டு மடங்காயிற்று. பாங்கில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, நகைக்கடன் படிவங்களுக்கு நடுவே, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மார்க்கெட் கமிட்டியில் நெல் போட்டுவிட்டுப் பணம் எடுக்க வந்த பெரியவர் ஒருவர் என்னைக் கூர்ந்து பார்த்து, 'வூட்ல தெள்ளா?' என்று விசாரித்தார். ஊருக்கே தெரிந்துவிட்டது.

கடி ஏன் கூடியது என்பதற்கான விடை 1898-ல் கராச்சியில் இருக்கிறது. 1896-ல் பம்பாயில் தொடங்கிய பிளேக் அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. எலி செத்த வீட்டில் மனிதன் சாகிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எலியிலிருந்து மனிதனுக்கு நோய் எப்படி வருகிறது என்பதுதான் தெரியவில்லை. பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் செத்துக்கொண்டிருந்த ஒரு எலியைத் தெள்ளுகளுடன் ஒரு கண்ணாடிச் சாடியில் வைத்தார். அதற்கு மேலே கம்பிக் கூண்டில் ஒரு நல்ல எலியைத் தொங்கவிட்டார். இரண்டும் தொட்டுக்கொள்ள முடியாது. நல்ல எலிக்கும் நோய் வந்தது. எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளு அதை விட்டுவிட்டு அடுத்த சூடான ரத்தத்தைத் தேடுகிறது. பல வருஷம் அவரை யாரும் நம்பவில்லை. பிளேக்கைப் பரப்பும் அந்த எலித்தெள்ளுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் சார்லஸ் ராத்ஸ்சைல்ட், 1903-ல். பிரமிட் கட்டிய கியாப்ஸ் மன்னனின் பெயரை அதற்கு வைத்தார். அதை அவர் பிடித்த ஊர் சூடானில் இருக்கிறது. ஊரின் பெயர் ஷெண்டி. செஞ்சியில் உட்கார்ந்து இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. பூனையைக் கொண்டுபோய் விட்டதன் மூலம் நான் தெள்ளுகளுக்கு வேறு வழியில்லாமல் செய்திருந்தேன். பூனை இருந்தவரை அது எங்களுக்காகவும் சேர்த்துக் கடிபட்டுக்கொண்டிருந்தது.

அன்றுதான் அம்மாவிடம், 'நொச்சி எங்கம்மா கெடைக்கும்?' என்று கேட்டேன். அவள், 'ஏரிக்கரையில பாரு. நீலப்பூ பூக்கும்' என்றாள்.

போனேன். ஊதாவாகப் பூத்து ஒரு புதர் கரை முழுக்க நின்றது. ஒரு கை கொள்ளாமல் ஒடித்துக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டு ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். 'இன்னா தம்பி, இத்த எதுக்கு எடுத்தாந்த?' என்றாள். நொச்சி என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது. நான் கொண்டுவந்தது நெய்வேலிக் காட்டாமணக்கு. அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளைப் பிடித்துக்கொண்ட செடி. ஆடு தின்றால் நோயில் விழும். 'படிச்சவங்கதான? நொச்சி தெரியாதா?' என்று அவள் கேட்டதில் கேலி எதுவும் இல்லை. உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை.

நொச்சியைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தவற்றை இங்கே வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். மதிலை முற்றுகையிடுவது உழிஞை. மதிலைக் காப்பது நொச்சி. தொல்காப்பியத்தில் உழிஞைக்குள் அடங்கியது நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலையில்தான் அது தனித் திணையாகிறது. காக்கும் வீரர்கள் நொச்சிப் பூ சூடுவார்கள். புறநானூற்றில் 271, 272 இரண்டும் நொச்சி பற்றியவை. ஒன்றில் பெண்கள் இடுப்பில் தழையாக உடுத்திய அதே நொச்சி, விழுந்த வீரனின் மாலையாக ரத்தத்தில் நனைந்து கிடக்கிறது. தசை என்று நினைத்துப் பருந்து அதைத் தூக்கிப் போகிறது. இவ்வளவும் தெரிந்தவன், செடிக்கு முன்னால் நின்றபோது காட்டாமணக்கை ஒடித்தான். அதுவும் எந்த ஊரில்? 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை வளைத்துக்கொண்டு நின்ற ஊரில், உள்ளே ராஜாராம் மதிலைக் காத்துக்கொண்டிருந்த ஊரில். முற்றுகைக்கும் மதில் காவலுக்கும் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் ராணுவ நிலப்பரப்பு என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் இருந்தது செஞ்சி ஒன்றுதான்.

ஆயா தன் பேரனை அனுப்பி நொச்சி கொண்டுவரச் செய்தாள். ஒரு காம்பில் விரல் விரித்த மாதிரி ஐந்து இலை, சிலவற்றில் மூன்று. மேலே பச்சை, அடியில் சாம்பல் பூத்த வெளுப்பு. கசக்கினால் கற்பூரமும் மிளகும் கலந்தது போல ஒரு காட்டமான மணம். அந்த மணம் மூக்கில் ஏறிய கணத்தில் எனக்கு நொச்சி தெரிந்துவிட்டது. எப்போதுமே தெரிந்திருந்தது என்றும் சொல்லலாம். சின்ன வயதில் சளி பிடித்தபோது போர்வைக்குள் என்னை உட்காரவைத்து அம்மா காட்டிய ஆவி அது. ஊரில் குதிருக்குள் நெல்லோடும், பானைக்குள் துவரையோடும் கிடந்த காய்ந்த சருகு அது. மாலையில் மாட்டுக் கொட்டகையில் எழும்பிய புகை அது. உடம்புக்குத் தெரிந்திருந்த ஒன்றை, படிப்பு வேறொரு பெயரில் அதே பெயராகவே கொண்டுவந்து கொடுத்தபோது, இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் எழுதிய வாக்கியத்தின் உண்மையான பொருள் இதுதான்: எனக்கு நொச்சி செடியாக இல்லை.

அம்மா வேலையை எடுத்துக்கொண்டாள். அவள் செய்ததை அப்படியே குறித்துவைக்கிறேன். முதலில் தரை. நொச்சியையும் வேப்பிலையையும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை வெடிப்புகளில் சுடச்சுட ஊற்றினாள். பாய், தலையணை, துணி எல்லாவற்றையும் தினமும் உச்சி வெயிலில் பாறைமேல் காயப்போட்டாள். காலையிலும் மாலையிலும் மூலை விடாமல் பெருக்கி, குப்பையைத் தெருவில் கொட்டாமல் அடுப்பில் போட்டாள். வசம்பை இடித்துக் கதவிடுக்குகளில் தூவினாள். குழந்தை இருக்கும் அறையில் மட்டும் தூவவில்லை. பாய்க்கு அடியில் பச்சை நொச்சிக் கொத்து. நான்காம் நாள் மணம் போனதும் எடுத்துவிட்டுப் புதிது. புகை மட்டும் போடவில்லை. 'கொழந்தைக்கு இரும வரும்' என்றாள். பத்து நாளில் வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து என்னைப் பூசச் சொன்னாள். ஒரு மாதத்தில் கடி நின்றது. மகளின் காலில் வடு மட்டும்.

இதை எழுதும்போது இரண்டு தரப்பு நண்பர்களின் முகங்கள் எனக்குத் தெரிகின்றன. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று மேடை போடுகிறவர்கள் ஒரு பக்கம். இதெல்லாம் பாட்டி வைத்தியம் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் மறு பக்கம். இருவருக்கும் நொச்சியை நான் கொடுக்கத் தயாராக இல்லை. நொச்சி தெள்ளைக் கொன்றது என்று சொன்னால் பொய். தெள்ளு முட்டையை மிருகத்தின்மேல் இடுகிறது. முட்டை ரோமத்தில் ஒட்டாமல் உதிர்ந்து தரைக்குப் போகிறது. புழு இருட்டிலும் தூசியிலும் கிடந்து, பெரிய தெள்ளு கழித்த காய்ந்த ரத்தத்தைத் தின்று வளர்கிறது. பிறகு கூடு கட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டைப் புகையும் துளைக்காது, பவுடரும் அதிகம் துளைக்காது. ஆக ஒரு வீட்டில் கண்ணுக்குத் தெரிகிற தெள்ளு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் தரையில். அவற்றைத் தீர்த்தது கொதிநீரும் வெயிலும் துடைப்பமும். நொச்சியின் மணம் பாய்க்கு வராமல் சிலவற்றைத் தள்ளி நிறுத்தியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் நொச்சி இல்லையென்றால் மற்றவை நடந்திருக்காது. நாலு நாளுக்கு ஒருமுறை பாயைத் தூக்கவேண்டும் என்று அந்த இலை வற்புறுத்தியது. பவுடர் டப்பா அப்படி எதையும் கேட்கவில்லை. தூவினால் போதும் என்றது. மரபு என்று நாம் சொல்வதில் மருந்து எவ்வளவு, ஒழுங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிற விமர்சனம் நம்மிடம் இல்லை. கவிதைக்கும் இல்லை என்றே நினைக்கிறேன்.

அந்தக் கூடு பற்றி இன்னொரு விஷயம் இருக்கிறது. கூட்டுக்குள் முதிர்ந்த தெள்ளு உடனே வெளியே வராது. தரை அதிர வேண்டும், சூடு படவேண்டும், மூச்சுக்காற்று வரவேண்டும். அதுவரை மாதக்கணக்கில் காத்திருக்கும். மூன்று மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் நாங்கள் சாமான்களுடன் தடதடவென்று நுழைந்த அன்று மாலையே கடித்தது அதனால்தான். முந்தைய குடித்தனத்து நாயின் தெள்ளு. பூனை எங்களோடுதான் அந்த வீட்டுக்குள் நுழைந்தது. எங்களைப் போலவே கடிபட்டது. இதை நான் தெரிந்துகொண்டபோது ஆடி பிறந்திருந்தது.

அடுத்த நாள் லீவ் போட்டுவிட்டுக் கோட்டைக்குப் போனேன். டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்து, விட்ட புதரோரம், கல்யாண மகாலைச் சுற்றி, நெற்களஞ்சியத்தின் இருட்டுக்குள், வெங்கடரமணர் கோயில் மண்டபத்தில் என்று மத்தியானம் வரை தேடினேன். குரங்குகள் இருந்தன. ராஜகிரிக்கு ஏறிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்கள் இருந்தார்கள். பூனையை அம்மா என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவாள் என்று யோசித்தேன். அவள் அதற்குப் பெயரே வைத்திருக்கவில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சத்தம் எழுப்புவாள். அந்தச் சத்தம் எனக்கு வரவில்லை. திரும்பும் வழியில் மதிலோரம் ஒரு நொச்சி நின்றது. இந்த முறை சரியாக அடையாளம் கண்டேன். நொச்சியைக் கிளை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும் என்று ஆயா சொல்லியிருந்தாள். கோட்டைக்குள் ஒடிக்க மனம் வரவில்லை. வெளியே வந்து ஒரு வயல் வேலியில் கேட்டு வாங்கினேன்.

அம்மா அதைக் கொல்லையில் நட்டாள். வீட்டுக்காரர் ஆட்சேபிக்கவில்லை. ஆடு மேயாது என்பதால் வேலி தேவைப்படவில்லை. பூனையைக் கோட்டையில் விட்டதை அம்மாவிடம் சொல்லிவிடவேண்டும் என்று பலமுறை நினைத்தேன். மார்கழியில் ஒருநாள் அவள் நொச்சி இலை உருவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். கைவேலையை நிறுத்தாமல், 'தெரியும்டா. பையில ரோமம் இருந்தது' என்றாள். கொஞ்சம் கழித்து, 'அதுக்கும் கடிச்சிருக்கும்' என்றாள். நான் அவளிடம் நாய்த்தெள்ளு, கூடு, மூன்று மாதம் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்காகத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

அடுத்த பங்குனியில் அம்மா போய்விட்டாள். நெஞ்சு வலி, இரண்டே நாள். அவள் உருவிக் காயவைத்த இலையை நிரப்பிய தலையணையில் இப்போது மகள் படுக்கிறாள். மணம் போய்விட்டது. புதிதாக நிரப்பவேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள். செடி ஆளுயரம் வளர்ந்து போன மாதம் முதல் தடவையாகப் பூத்தது. அவ்வளவு ஒன்றும் அழகான பூ இல்லை. சின்னச் சின்னதாக வெளிறிய நீலம். ஒரு வீரன் இதைச் சூடிக்கொண்டு மதில்மேல் ஏறினான் என்றால், அழகுக்காக ஏறியிருக்கமாட்டான். மதிலுக்குப் பக்கத்தில் அது இருந்திருக்கும், ஒடித்திருப்பான். அந்தக் கட்டுரையை மறுபடி எழுதினால் இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

கொல்லைக் கதவின் தாழை ராத்திரியில் இப்போது யார் நீக்குகிறார்கள் என்று மனைவி கேட்டாள். நான்தான் என்று சொன்னேன்.